அறுத்துக் கட்டியவளின் நிலம்: பாராமகால் பெண்களும் வெள்ளைக்காரன் சட்டமும்

பாலக்கோடு பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய கொள்ளுப்பாட்டியின் தாயார் 1910-களில், சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். கையில் ஒரே பெண் குழந்தை. கொஞ்ச காலம் கழித்து இன்னொருவரைக் கட்டிக்கொண்டார். உடனே முதல் கணவரின் அண்ணன் தம்பிகள் மானாவாரி நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். குழந்தையையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைதான் கொள்ளுப்பாட்டி, 1978-இல் காலமானார். "வெள்ளைக்காரன் பெண்களுக்காக எத்தனையோ சட்டம் போட்டான் என்று படிக்கிறோமே, அதில் ஒன்றுகூட இந்த அம்மாவைக் காப்பாற்றவில்லையா? பங்காளிகள் செய்தது சட்டப்படி சரியா? இப்போது ஏதாவது செய்ய முடியுமா?"

தருமபுரி, கிருஷ்ணகிரி சிவில் கோர்ட்டுகளில் பாகப்பிரிவினை வழக்கே அதிகம் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அந்த அம்மாவைச் சட்டம் கைவிட்டது என்பதைவிட, சட்டமே பங்காளிகள் கையில் சாவியைக் கொடுத்தது என்பதுதான் உண்மைக்குப் பக்கம். அதுவும் எந்தச் சட்டம்? பள்ளிப் பாடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிற 1856-ஆம் வருஷத்து இந்து விதவைகள் மறுமணச் சட்டம் (1983-இல் ரத்தானது). விதவை மறுமணம் செல்லும், பிறக்கும் குழந்தைகளும் முறையான வாரிசுகளே என்று முதல் பிரிவு சொல்கிறது. அதை எல்லோரும் படிக்கிறோம். இரண்டாம் பிரிவை யாரும் படிப்பதில்லை. மறுமணம் செய்துகொண்ட நிமிஷத்தில், இறந்துபோன கணவரின் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமையெல்லாம், ஜீவனாம்சம் உட்பட, அவளே செத்துப்போனால் எப்படி முடியுமோ அப்படி முடிந்துவிடும் என்கிறது அது. சொத்து கணவரின் அடுத்த வாரிசுக்குப் போகும். மூன்றாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மறுமணம் செய்தவளின் முதல் கணவர் குழந்தைகளுக்கு வேறு கார்டியன் போடச் சொல்லிக் கணவரின் உறவினர்கள் கோர்ட்டில் மனுப் போடலாம் என்கிறது. உங்கள் குடும்பத்தில் நடந்த இரண்டும், நிலம் போனதும் குழந்தை போனதும், அந்தச் சட்டப் புத்தகத்தில் வரிக்கு வரி இருக்கிறது.

இந்தச் சட்டம் யாருக்காக வந்தது? விதவை மறுமணமே கூடாது என்று வைத்திருந்த மேல்சாதிக் குடும்பங்களுக்காக. வங்காளத்து ஈசுவர சந்திர வித்தியாசாகர் போராடியது அந்தப் பெண்களுக்காகத்தான். நம் பக்கத்தில் நிலத்திலும் மந்தையிலும் கல்லிலும் உழைத்துப் பிழைத்த பல சாதிகளில் அறுத்துக் கட்டுவது, அதாவது விதவை மறுபடி தாலி கட்டிக்கொள்வது, காலங்காலமாக இருந்த வழக்கம். வீட்டுக்குள்ளேயே வைத்துத் தாலி கட்டுவதால் நடுவீட்டுத் தாலி என்று சிலர் சொல்வார்கள். ஓசூர்ப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களிடம் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. பந்தல் இருக்காது, மேளம் இருக்காது, சுமங்கலிகள் முன்னால் நிற்க மாட்டார்கள். ஆனால் அது கல்யாணம். பிறந்த பிள்ளைக்குப் பங்கு உண்டு. இவர்களுக்கு 1856 சட்டம் புதிதாக ஒன்றையும் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்தது.

அப்படியானால் சட்டம் கொடுக்காத உரிமையைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு எப்படிப் பறிக்கும்? நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியில் ஹைகோர்ட்டுகளே இரண்டாகப் பிரிந்தன. அலகாபாத் ஹைகோர்ட், வழக்கப்படியே மறுமணம் செய்யக்கூடிய சாதிப் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தின் தயவு தேவையில்லை, எனவே அதன் தண்டனையும் அவளுக்குப் பொருந்தாது என்று 1889-இல் சொன்னது. சாதி வழக்கத்திலேயே சொத்து போகும் என்று நிரூபித்தால்தான் போகும். சென்னை ஹைகோர்ட் அதற்கு 12 வருஷம் முன்னாலேயே, 1877-இல், முருகாயி எதிர் வீரமாகாளி வழக்கில் வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லிவிட்டது. மறவர் சமூகத்து விதவை அவர். மறுமணம் அந்தச் சமூகத்தில் வழக்கத்தில் உள்ளதுதான். ஆனாலும் மறுமணம் செய்தவளுக்கு முதல் கணவர் சொத்தில் இடமில்லை என்றார்கள். இறந்த கணவனின் பாதி உடம்பாக மனைவி உயிரோடு இருக்கிறாள் என்பதால்தான் அவளுக்குச் சொத்தே வருகிறது, இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் அந்த அடிப்படையே போய்விடுகிறது என்பது சாஸ்திர வழி வந்த வாதம். பம்பாயும் கல்கத்தாவும் பிறகு இந்தப் பக்கமே சாய்ந்தன. சேலம் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்ததால் அந்த அம்மாவுக்கு வாய்த்தது சென்னைத் தீர்ப்பு.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் உண்டு. 1880-இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்), அசாமிலிருந்து போன மோனிராம் கோலிதா வழக்கில், கணவர் சொத்தை ஒருமுறை வாரிசாக அடைந்த விதவை, பின்னால் ஒழுக்கம் தவறினாள் என்பதற்காக அதை இழக்க மாட்டாள் என்று தீர்த்தது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நாலு பேர் அறிய ஒருத்தனைக் கட்டிக்கொண்டால் நிலம் போகும்; கட்டிக்கொள்ளாமல் இருந்தால் நிலம் நிற்கும். ஊர் மரியாதையைக் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட சட்டம் இந்த இடத்தில் வந்து நின்றது.

இதைச் சொல்வதால் பழைய ஊர்ப் பஞ்சாயத்து பெண்களுக்குச் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஊர்க்கவுண்டரும் பெரியதனக்காரர்களும் உட்கார்ந்து பேசிய இடத்தில் பெண் நின்றுகொண்டுதான் இருந்தாள். அபராதம், ஊர் விலக்கு எல்லாம் அவள் தலையில்தான் விழும். மறுதாலி கட்டியவள் முதல் வீட்டு நிலத்தையும் கையோடு கொண்டுபோகலாம் என்று எல்லாச் சாதியிலும் வழக்கம் இருந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் பஞ்சாயத்தில் பேரம் பேச இடம் இருந்தது. பரியம் திருப்பித் தர வேண்டுமா, குழந்தைக்குத் துண்டு நிலம் விடலாமா, நகை யாருக்கு என்று அவளுடைய அப்பனும் அண்ணனும் பேச முடியும். ஹைகோர்ட் தீர்ப்பு வந்த பிறகு பங்காளி வீட்டுக்காரன் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. "கோர்ட்டுக்குப் போய்க்கோ" என்று சொன்னால் போதும்.

இந்தச் சட்டம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை, அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்ட ஊர்கள் இவை. ஓசூர்ப் பக்கம் 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு வந்தது. தீர்வை கட்டுகிறவன் யார் என்பதுதான் கம்பெனிக்கு முதல் கேள்வி. பட்டா பெரும்பாலும் குடும்பத்து ஆண் தலைவர் பெயரில் எழுதப்பட்டது. இந்துக்களின் வாரிசுரிமை, கல்யாண விஷயங்களில் இந்துச் சட்டப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1802-இல் விதி செய்தார்கள். எது இந்துச் சட்டம் என்று கேட்டால் பண்டிதர்கள் மிதாட்சரம் என்ற பழைய சமஸ்கிருதச் சட்ட நூலைக் காட்டினார்கள். கேழ்வரகு விதைத்துப் பிழைத்த பாலக்கோட்டுக் குடியானவன் வீட்டு வழக்குக்கும் அதுதான் அளவுகோலாயிற்று. நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட சாஸ்திரத்தை மிஞ்சும் என்று 1868-இல் ராமநாதபுரம் ராணியின் தத்து வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது என்னவோ உண்மை. ஆனால் வழக்கத்தை நிரூபிக்க வேண்டும். பழமையானது, இடைவிடாதது, நிச்சயமானது என்று சாட்சி போட்டு நிரூபிக்க வேண்டும். ஜமீன்தாரிணிக்கு அது முடிந்தது. நம் ஊர் விதவைக்குக் கோர்ட் பீஸ் கட்டவே வழியில்லாமல், ஏழை என்று சொல்லிப் பாப்பர் மனுப் போட வேண்டிய நிலை.

உடன்கட்டைத் தடையை (1829, சென்னை மாகாணத்தில் 1830) இந்தப் பட்டியலில் எல்லோரும் முதலில் வைப்பார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வளைகரம் உயர்த்தி நிற்கும் சதிக்கற்கள் இருப்பதால் இங்கேயும் அது பெரிய பிரச்சினையாக இருந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தக் கற்களில் பெரும்பாலானவை போரில் செத்த வீரர்களின் குடும்பத்துக்கானவை, கம்பெனி வருவதற்கு ரொம்பக் காலம் முந்தையவை. களை வெட்டிப் பிழைத்த பெண்ணுக்கு அந்தத் தடையால் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை.

கிரிமினல் சட்டம்தான் வீட்டுக்குள் வந்தது. பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொண்ட பெண்மேல், பழைய கணவன் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 494-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். ஏழு வருஷம் வரை சிறை. ஆணுக்கு இந்தப் பயம் கிடையாது, ஏனென்றால் இந்து ஆண் எத்தனை பெண்களைக் கட்டினாலும் அப்போது சட்டப்படி செல்லும். கணவன் சம்மதம் இல்லாமல் சாதிப் பஞ்சாயத்து கொடுத்த விடுதலையை ஏற்க மாட்டோம் என்று பம்பாய் ஹைகோர்ட் 1876-இல் சொன்னது. சென்னை ஹைகோர்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதில் தவறில்லை என்று 1894-இல் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் 1955 இந்துத் திருமணச் சட்டம் 29(2) பிரிவு அந்த வழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டதாக வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வரும் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வழக்கத்தை நிரூபிக்காவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை என்பதையும் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நல்லதாக ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. மனைவியைக் கைவிட்டவனிடமிருந்து மாஜிஸ்திரேட் மூலம் மாதச் செலவு வாங்கும் வழி. 1898 கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவில் மாதம் 50 ரூபாய் வரை. 1923-இல் அதை 100 ஆக்கினார்கள். மதம், சாதி, சாஸ்திரம் எதுவும் கேட்காத பிரிவு. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் கிடைக்கும். படாடோபம் இல்லாத இந்தச் சின்னப் பிரிவுதான் ஏழைப் பெண்ணுக்கு உண்மையில் உதவியது என்பது என் கணிப்பு. மற்றொரு பக்கம், வர மறுக்கும் மனைவியைக் கணவனிடம் சேர்த்துவைக்கும் வழக்கு இங்கிலாந்துத் திருச்சபைக் கோர்ட்டிலிருந்து இங்கே இறக்குமதியானது. பம்பாய் ருக்மாபாய்க்கு 1887-இல் கணவனிடம் போ, அல்லது ஆறு மாசம் ஜெயில் என்று உத்தரவு வந்தது இதனால்தான். அந்த ஜெயில் தண்டனையை 1923-இல்தான் எடுத்தார்கள்.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். 1930 ஏப்ரல் 1 முதல் கல்யாண வயது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. மீறினால் தண்டனை உண்டு, ஆனால் நடந்த கல்யாணம் செல்லும். புகார் கொடுக்கிறவனிடமே 100 ரூபாய் வரை ஜாமீன் பத்திரம் கேட்கலாம். சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்தை எதிர்த்து எவன் நூறு ரூபாய்க்கு எழுதிக்கொடுப்பான்? குழந்தைத் திருமணச் செய்திகளில் நம் இரண்டு மாவட்டங்களின் பெயர் இன்னும் அடிபடுவதை நீங்களே பார்க்கிறீர்கள்.

நிலத்துக்கு வருவோம், ஏனென்றால் கேள்வி அதுதான். மறுமணம் செய்யாமலே இருந்த விதவைக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அவளுக்கு வந்தது ஆயுள்கால உரிமை. உழலாம், சாப்பிடலாம், காரணமில்லாமல் விற்க முடியாது. விற்றால், அவள் செத்த பிறகு கணவரின் வாரிசு வந்து வாங்கினவனிடமிருந்து மீட்டுக்கொள்வான். அதனால் அந்தக் காலத்து கிரயப் பத்திரங்களை விரித்தால் ஒரே ராகம் கேட்கும். "சேலம் ஜில்லா தர்மபுரி தாலுகா" என்று தொடங்கும் (தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான், கிருஷ்ணகிரி 2004-இல்). காலஞ்சென்ற இன்னாருடைய பாரி (மனைவி) இன்னாள் என்று பெயர் வரும். பிறகு காரணம்: புருஷன் கருமாதிச் செலவு, அவர் வைத்துவிட்டுப் போன கைக்கடன், சர்க்கார் கிஸ்தி (நில வரி) பாக்கி, மகள் கல்யாணம். உண்மையோ பொய்யோ, இந்தக் காரணங்களில் ஒன்று இல்லாமல் விதவையின் கிரயம் நிற்காது என்பது பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரியும். கீழே அவளுடைய இடது பெருவிரல் ரேகை அல்லது கீறல். அதற்குப் பக்கத்தில் சாட்சியாகப் பங்காளிகள் கையெழுத்து. அது வெறும் சாட்சி அல்ல, நாளைக்கு வந்து தகராறு செய்ய மாட்டோம் என்று வாங்குகிறவன் காசு கொடுத்துப் பிடித்துவைத்த பிடி. விற்கிற காசில் அவர்களுக்கும் ஒரு பங்கு போயிருக்கும்.

1937-இல் தேஷ்முக் சட்டம் என்ற இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பத்தில்கூடக் கணவரின் பங்கு விதவைக்கு வரும், மகன் இருந்தாலும் அவனுக்குச் சமமாக வரும் என்றது. பெரிய மாற்றம்தான். ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் வருவதால், மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 1941-இல் பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. மயிலாப்பூரில் மாடிவீடு வைத்திருந்த குடும்பத்து விதவைக்குச் சட்டம் வேலை செய்தது. சாமையும் கொள்ளும் விளையும் நாலு ஏக்கர் புன்செய்யைத் தவிர வேறு சொத்தே இல்லாத பென்னாகரத்துப் பெண்ணுக்கும் அரூர்ப் பெண்ணுக்கும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947-இல். அதுவும் ஆயுள்கால உரிமைதான். முழு உரிமை ஆனது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவால்.

இந்துக்கள் கதை மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மகளுக்கு ஷரீஅத்தில் பங்கு உண்டு, ஆனால் 1937 ஷரீஅத் சட்டமும் விவசாய நிலத்தை வெளியே விட்டுத்தான் வந்தது. சென்னையில் 1949-இல்தான் அந்த விலக்கு போனது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கும் நிலம் என்று வந்தால் அதே சுவர்தான். கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1869 விவாகரத்துச் சட்டம்: கணவன் மனைவியின் கள்ளத் தொடர்பை மட்டும் காட்டினால் போதும், மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001 வரை அப்படியே இருந்தது. நிலம் இல்லாததன் விளைவு நிலத்தோடு நிற்கவும் இல்லை. 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே ஓட்டுரிமை கொடுத்தது, சொத்துத் தகுதி இருந்தால். பட்டாவில் பெயர் இல்லாதவளுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வரும்?

இனி உங்கள் குடும்பத்து விஷயம். பங்காளிகள் செய்தது சட்டப்படி சரியா என்பது ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: அந்தக் கணவர் சாகும்போது அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரிந்திருந்தாரா இல்லையா?

பிரியவில்லை என்றால், அன்றைய மிதாட்சரச் சட்டப்படி ஆண் பிள்ளை இல்லாமல் செத்தவரின் பங்கு நேராக மிச்சமிருந்த சகோதரர்களுக்கே போய்விடும். மனைவிக்கு ஜீவனாம்சம், மகளுக்கு வளர்ப்புச் செலவும் கல்யாணச் செலவும். மறுமணம் ஆனதும் ஜீவனாம்சமும் நின்றுவிடும். பங்காளிகள் எடுத்தது அன்றைய சட்டப்படி அவர்களுடையது.

பிரிந்திருந்தார் என்றால் கதையே வேறு. நிலம் முதலில் விதவைக்கு வந்திருக்கும். அவர் மறுமணம் செய்ததும், செத்துப்போனதாகப் பாவித்து, அடுத்த வாரிசுக்குப் போக வேண்டும். பிரிந்த குடும்பத்தில் விதவைக்கு அடுத்த வாரிசு யார்? அண்ணன் தம்பி இல்லை. மகள். மகளுக்குப் பிறகு மகள் வயிற்றுப் பேரன், பிறகு தாய், தகப்பன், அதற்கும் பிறகுதான் சகோதரர்கள். ஆக, 1856 சட்டத்தை அதன் எழுத்துப்படியே பிடித்தாலும் அந்த நிலம் உங்கள் கொள்ளுப்பாட்டியுடையது. தாயின் மறுமணத்தைச் சாக்காக வைத்து மகளின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று ஆகும். குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொண்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாசம் இல்லை என்று சொல்ல நான் யார். ஆனால் வாரிசு யார் வீட்டில் வளர்கிறதோ அந்த வீட்டில் கேள்வி எழாது.

இப்போது வழக்குப் போட முடியுமா? முடியாது. மேஜரான பிறகு மூன்று வருஷம், அல்லது நிலம் கைமாறியதிலிருந்து 12 வருஷம் என்று கொள்ளுப்பாட்டிக்கு இருந்த கெடு வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிந்துவிட்டது. நிலம் அவர் கைவசம் இல்லாததால் 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவும் அவருக்கு உதவியிருக்காது. ஆயுள்கால உரிமைக்காரி இறந்த பிறகு அடுத்த வாரிசுக்குப் புதிதாக 12 வருஷம் ஓடும் என்று ஒரு வழி உண்டு. அவருடைய மகன்கள் அந்த வாதத்தை வைத்திருக்கலாம். 1978-இல் காலமானார் என்கிறீர்கள், 1990-இல் அதுவும் போயிற்று. வக்கீல் யாராவது ஆசை காட்டினால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உண்மை என்ன என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் வழி இருக்கிறது. அந்தக் காலத்துப் பாகங்கள் பெரும்பாலும் வாய்மொழிப் பாகம். வரப்புப் போட்டுப் பிரித்துக்கொள்வதோடு சரி, பத்திரம் இருக்காது, இல்லாவிட்டாலும் சட்டப்படி செல்லும். எனவே பாகப் பத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலை வாங்கி, அந்த சர்வே எண்களுக்கு எதிரே கூட்டுப் பட்டாவா, ஆளுக்கொரு பட்டா எண்ணா என்று பாருங்கள். சப்ரிஜிஸ்தரார் ஆபீசில் அந்த முதல் கணவர் தன் பெயரில் மட்டும் எழுதிக்கொடுத்த அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்; பிரியாத குடும்பத்தில் தம்பி தனியாக அடமானம் வைப்பது அபூர்வம். வீட்டுப் பெட்டியில் பழைய கிஸ்தி ரசீது ஏதாவது கிடந்தால் அதையும் எடுத்துவையுங்கள். இவற்றில் எது ஒன்றும் தனியாக முடிவான சாட்சி ஆகாது. ஆனால் மூன்றிலும் அவர் பெயர் தனியாக வந்தால், பங்காளிகள் எடுத்தது ஓடிப்போனவளின் நிலம் அல்ல, அவர்கள் வீட்டிலேயே கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளையின் நிலம்.